மூணாம் தொட்டியில் ஊறிய விதைநெல்

நம்ம மில்லுக்குக் கரண்டு மோட்டார் வந்து இறங்குன அன்னைக்கு, பழைய பாய்லரைக் கழத்தி வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க. நான் வேலையை விட்டு நிக்கப்போற கடைசி வாரம் அது. புதுசா வந்த கணக்கப்பிள்ளை என் பக்கத்துல வந்து நின்னு, "அண்ணாச்சி, இத்தனை வருசம் கூடவே கிடந்தீயளே, இது போறதைப் பாக்க மனசு கஷ்டமா இருக்கா?"ன்னு கேட்டான். எழவு வீட்டுல துக்கம் விசாரிக்குத குரல்ல கேக்குதான்.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "ஏலே, கஷ்டமாவா? பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டுத கண்ணாடியைப் பாத்துப் பாத்து என் கண்ணு பூத்துப் போச்சு. ஒருவாய்ச் சோறு அள்ளும்போதுகூட ஒரு காது பாய்லர்கிட்டயே கிடக்கும். தொலைஞ்சுது சனியன்னு இருக்கேன். நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு, வழியில விழுந்து திரும்பி வந்துராம!"

அவன் அதோட விடல. மூட்டைக்கு மூட்டை அச்சடிச்ச சீட்டு கட்டுததுக்கு அவன்தான் ஏற்பாடு பண்ணியிருந்தான். நான் சீட்டுக்குப் பக்கத்துலயே சுண்ணாம்பைத் தொட்டு பெருசா குறி போடுததைப் பாத்துட்டு, "சீட்டு இருக்கும்போது எதுக்கு அண்ணாச்சி இந்தச் சுண்ணாம்புச் சட்டி?"ன்னான். கூட நின்ன பயலுவளும் சிரிச்சானுவ. நான் என் பாட்டுக்கு அடுத்த மூட்டைக்குக் குறி போட்டேன். சொல்ல ஆரம்பிச்சா அன்னைக்கு மில்லு ஓடாது. இப்பதான் வீட்டுல சும்மா இருக்கேன்லா, எழுதி அனுப்புதேன், படிங்க.

நான் ராதாபுரம் பக்கத்துக்காரன். எங்க ஊருல திரும்புன பக்கம் எல்லாம் பனைதான். கம்பும் கேப்பையும்தான் சாப்பாடு. அரிசிச் சோறுன்னா கிறிஸ்துமஸுக்கு, இல்லன்னா கல்யாணத்துக்கு. நெல்லை நான் வயல்ல பாத்ததே பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்ட பிறகுதான். அஞ்சாங் கிளாசோட படிப்பு போதும்னு ஆச்சு. டவுணுக்கு மேற்கே, கால்வாய்க் கரையில புதுசா வந்த அரிசி மில்லுல சேந்தேன். ஜெர்மன்காரனோட முதல் சண்டை வாரதுக்கு அஞ்சாறு வருசம் முந்தி.

அதுவரைக்கும் ஊருல அரிசின்னா உரலும் உலக்கையும்தான். பொம்பளையள் ரெண்டு பேரா நின்னு மாத்தி மாத்திக் குத்துவாங்க. மில்லு வந்த புதுசுல அதுல அரைச்ச அரிசியைச் சனங்க நம்பல. ஆவியில ஓடுத சாமான்ல அரைச்ச அரிசியைத் தின்னா வயிறு ஊதிரும்னு ஒரு பேச்சு. ரெண்டு வருசத்துல அந்தப் பேச்செல்லாம் போச்சு, வண்டி வரிசை கால்வாய்ப் பாலம் வரைக்கும் நின்னுச்சு. உலக்கை பிடிச்சுத் தோள்பட்டை இறங்கிப் போன பொம்பளையள்தான் முதல்ல வந்து நின்னாங்க.

ஹல்லர்னா பெரிய மாயம் ஒண்ணும் இல்ல. உள்ள வரிவரியா மேடு வச்ச ஒரு இரும்பு உருளை, அதைச் சுத்தி ஒரு கூடு, அடியில ஓட்டை போட்ட சல்லடைத் தகடு. பக்கவாட்டுல நீளமா ஒரு இரும்புப் பட்டை உண்டும், அதைக் கத்தின்னு சொல்லுவோம். மேல நெல்லைக் கொட்டினா உருளை சுத்துத வேகத்துல நெல்லும் நெல்லும் உரசி உமி கழண்டு, உமியும் தவிடும் கீழ போயிரும். அரிசி ஓரத்து வாய் வழியா வரும். கத்தியை ஒரு நூல் கிட்டக் கொண்டுபோனா எல்லாம் குருணை. ஒரு நூல் தள்ளி வச்சா போட்ட நெல்லு அப்படியே திரும்பி வந்து நம்மளைப் பாத்துச் சிரிக்கும். இதைப் படிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. அந்த ரெண்டு வருசத்துல வாங்குன ஏச்சை எழுத ஆரம்பிச்சா தாளு பத்தாது, விட்டுருதேன்.

மில்லுக்கு மேஸ்திரி காதர். மேலப்பாளையத்துக்காரர். நெசவு வீட்டுல பிறந்து, அது பிடிக்காமக் கப்பல்ல என்ஜின் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர். என்ஜின் சத்தத்துல நாங்க எல்லாம் கத்திக் கத்திப் பேசுவோம். அவர் கத்தவே மாட்டார். பைய நடந்து பக்கத்துல வந்து, காதுல வாயை வச்சு, "வே, ரெண்டாம் ஹல்லர் பெல்ட்டு தளந்திருக்கு"ம்பார். சுமை தூக்குதவன்ல இருந்து முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அதே 'வே'தான். கையில ஒரு வேப்பங்கம்பு வச்சிருப்பார். ஒரு முனையை பேரிங் மேல ஊனி, மறு முனையைக் காதுல வச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பார். கோவம் வந்தா தலையில இருக்குத தொப்பியைக் கழத்திப் பாத்துட்டு மறுபடியும் போட்டுக்கிடுவார். அவ்வளவுதான். எங்களுக்கு அதுவே போதும், அவனவன் இடத்துக்கு ஓடிருவோம்.

புழுங்கலுக்கு அவர் வச்ச முறை ஒண்ணு உண்டும். நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில போட்டு ரெண்டு நாள் பச்சைத் தண்ணியில ஊற வைக்கணும். அப்புறம் கூடையில அள்ளி இரும்பு டிரம்முல கொட்டி, பாய்லர்ல இருந்து ஆவியைத் திறந்து விடணும். திறக்குததுக்கு முந்தி அவர் தொட்டிக்கு வருவார். சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு, தோள் முங்குத வரைக்கும் கையை விட்டு அடி நெல்லுல ஒரு பிடி அள்ளுவார். மோந்து பாப்பார். ஒரு நெல்லைப் பல்லுல வச்சுக் கடிப்பார். நடுவுல வெள்ளை மாவு தெரிஞ்சா இன்னும் ஊறணும்னு போயிருவார். சரியா இருந்தாத்தான் ஆவிச் சக்கரத்துல கை வைப்பார். அந்தச் சக்கரத்தை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. இது சட்டம்.

மூட்டைக்குக் குறி போடுததும் ஒரு முறைதான். பச்சரிசிக்கு அரைக்க வேண்டிய மூட்டைக்குச் சுண்ணாம்புல ஒரு கோடு. விதை மாதிரி தொடவே கூடாத மூட்டைக்கு ரெண்டு கோடு, ஒண்ணுக்குக் குறுக்கே ஒண்ணா. குறியே இல்லன்னா அது புழுங்கலுக்கு, தொட்டியில போட்டுரலாம். எழுத்துப் படிச்சவன்கிறதால குறி போடுத வேலை எனக்கு.

இதுலதான் வந்துச்சு வினை. எங்க சபை உபதேசியார் ஒருநாள் என்னைப் பாக்க மில்லுக்கு வந்தார். அந்நேரம் பாத்து ஒரு சுமைக்காரன் குறுக்குக் குறி போட்ட மூட்டை மேல காலைத் தூக்கி வச்சு வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்தான். உபதேசியார் முகம் கறுத்துப் போச்சு. "ஞானமுத்து, இதைப் போட்டது நீயா? சிலுவையைப் போட்டு மிதிக்கக் குடுக்கியே, உனக்கு நல்லாருக்கா?"ன்னு கேட்டார். அன்னையில இருந்து எனக்குக் கை கூசிட்டு. குறுக்குக் குறி போட வேண்டிய இடத்துல, எங்க ஊரு வழக்கப்படி பனையோலைத் துண்டைக் கிழிச்சு மூட்டை வாயில முடிஞ்சு விட ஆரம்பிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. கேட்டா சிரிப்பானுவளேன்னு வெக்கம்.

பங்குனி மாசம் பேச்சியக்கா மூணு மூட்டை நெல்லை வண்டியில போட்டுக்கிட்டு வந்தா. சேரன்மாதேவிக்கு இந்தப் பக்கம், மில்லுல இருந்து அஞ்சு மைல் இருக்கும் அவ ஊரு. புருசன் செத்து மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. பண்ணையார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்ட குடும்பம். "தம்பி, இது கார் போகத்துக்கு விதை நெல்லு. எங்க வீட்டுக் கூரை பிரிஞ்சு கிடக்கு, எலித் தொல்லை வேற. உங்க மில்லுல தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை. வைகாசி வரைக்கும் வச்சிரு, வந்து எடுத்துக்கிடுதேன்"னா.

அதோட நிக்காம எல்லாத்தையும் சொன்னா. பண்ணையார் கூப்பிட்டு விட்டு, "பொம்பளை எப்படி வெள்ளாமை பண்ணுவ? இந்தக் காருக்கு நேரத்துல நட்டுட்டா நிலம் உனக்கு, இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்"னு சொல்லியிருக்கார். போன வருசக் கார் அறுப்புல மழை புடிச்சு ஊர் நெல்லு பூரா களத்துலயே முளைச்சுப் போச்சாம். அவ புருசன் மட்டும் நாலு நாள் முந்தி அறுத்துக் காயப் போட்டு வச்ச நெல்லு இது. "கேட்டாலும் ஒருத்தன்கிட்டயும் விதை கிடையாது. இந்த மூணு மூட்டைதான் எனக்கும் எம் பிள்ளையளுக்கும்"னா. நான் பெரிய மனுசன் மாதிரி, "பயப்படாதீய அக்கா, என் பொறுப்பு"ன்னு சொல்லி, மூணு மூட்டைக்கும் அழகா பனையோலை முடிஞ்சு வச்சேன்.

வைகாசி வெயிலைத்தான் உங்களுக்குத் தெரியுமே. தகரத்துக்குக் கீழ ரெண்டு மாசம் காஞ்ச ஓலை அப்பளமா நொறுங்கிட்டு. ஒரு ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம், சுமைக்காரங்க மூட்டை அடுக்குத கிட்டங்கியைப் பெருக்க மூட்டையை நகத்தியிருக்காங்க. ஓலை உதிர்ந்து குப்பையோட போச்சு. குறி இல்லாத மூட்டை என்ன? புழுங்கல். பக்கத்துல அட்டியா அடுக்கியிருந்த சில்லறை நெல்லோட சேந்ததுன்னு நினைச்சு, மூணையும் அவுத்துத் தனியா மூணாம் தொட்டியில தட்டிட்டாங்க. அந்தத் தொட்டி சின்னது, சில்லறையா வார நெல்லுக்குன்னே கட்டுனது. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. முறைப்படிதான் செஞ்சாங்க.

செவ்வாய்க்கிழமை காலையில மூணாம் தொட்டி அவிக்கணும். மேஸ்திரி என்ஜின்கிட்ட ஏதோ சத்தம் கேட்டுக் கம்பை ஊனி நின்னுக்கிட்டு இருந்தார். வெயில் ஏறுமுன்னே களத்துல காயப் போடணுமேன்னு எனக்கு அவசரம். முதல் டிரம்முல ஒரு மூட்டை நெல்லைக் கொட்டச் சொல்லி, தொடக்கூடாத சக்கரத்தை நானே திறந்து விட்டேன். ஆவி பொங்கி வந்துச்சு. எனக்கும் ஒரு பெருமை, மேஸ்திரி இல்லாமலே நடத்திட்டோம்னு.

ரெண்டாம் டிரம்முக்கு அள்ளும்போது மேஸ்திரி வந்துட்டார். ஆவி வாரதைப் பாத்தார். என்னைப் பாத்தார். தொப்பியைக் கழத்தினார், போட்டார். அப்புறம் தொட்டியை எட்டிப் பாத்தார். கையை உள்ள விடல. சும்மா தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னார்.

"வே, பதர் அள்ளிப் போட்டாச்சா?"

"இல்ல மேஸ்திரி. இதுல பதரே மிதக்கல"ன்னு சுமைக்காரன் சொன்னான்.

"ரெண்டு நாள் ஊறுன நெல்லுல ஒரு பதர்கூட மிதக்கலயா?" அப்புறம்தான் கையை விட்டு அள்ளினார். உள்ளங்கையில பரப்பி, என் மூக்குக்கு நேரா நீட்டினார். நெல்லோட மூக்கு வெடிச்சு, ஊசி முனை அளவுக்கு வெள்ளையா முளை எட்டிப் பாத்துச்சு. "திங்க வந்த நெல்லு பதரோடத்தான் வரும். இதை யாரோ தூத்தி, புடைச்சு, பொறுக்கி எடுத்து வச்சிருக்காங்க. இது யாரு விதை வே?"

நான் கிட்டங்கிக்கு ஓடுனேன். மூலையில மூணு மூட்டை இருந்த இடம் வெறுமனே கிடந்துச்சு. குப்பையில என் ஓலைத் துண்டு. அங்கனயே உக்காந்துட்டேன். அழுதேன், ஒளிக்க என்ன இருக்கு? மேஸ்திரி வந்து பக்கத்துல குத்த வச்சார். ஓலை, உபதேசியார், சிலுவை, எல்லாத்தையும் சொன்னேன்.

அவர் அந்த ஓலைத் துண்டை எடுத்துப் பாத்தார். அப்புறம் என் காதுகிட்ட வந்து, "உம்ம சாமி சாக்கு மேல கோடு போட்டதுக்குக் கோவிக்க மாட்டார் வே. ஒருத்தி வயித்துல அடிச்சா கோவிப்பார்"னார். உடனே எந்திரிச்சு, "அழுதது போதும். பச்சைத் தண்ணியில ஊறுன நெல்லு சாகாது. ஆவி பட்டதுதான் செத்துது. தொட்டித் தண்ணியைத் திறந்து விடும். மிச்சம் ரெண்டு மூட்டையையும் முளை கட்டுததுக்கு வைக்கோல்ல பொதிஞ்சு பாரம் ஏத்தி வைக்கேன். நீரு போய் அந்தப் பொம்பளைகிட்ட உம்ம வாயாலயே சொல்லி, கையோட கூட்டிட்டு வாரும்"னார்.

அஞ்சு மைலும் எப்படி நடந்தேன்னு தெரியாது. பேச்சியக்கா வீட்டு முத்தத்துல ஆட்டுக்குக் குழை கட்டிக்கிட்டு இருந்தா. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். முதல்ல அவளுக்குப் புரியல. புரிஞ்சதும் கையில இருந்த குழையாலயே என் தோள்ல ரெண்டு போடு போட்டா.

"ஏலே பாவி! சிலுவை போட உனக்குக் கை கூசிச்சு. எம் விதையை அவிக்குததுக்குக் கூசலியா? அந்த மனுசன் காய்ச்சலோட அறுத்துப் போட்ட நெல்லு லே அது!"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அவளுக்கும் மூச்சு வாங்குச்சு. முந்தானையால முகத்தைத் துடைச்சிட்டு, "ரெண்டு மூட்டை இருக்குல்லா? நட"ன்னா. வார வழியெல்லாம் ஏசிக்கிட்டேதான் வந்தா. அந்த ஏச்சுதான் எனக்குத் தெம்பா இருந்துச்சு. அவ பேசாம வந்திருந்தா நான் ஏதாவது கிணத்துல விழுந்திருப்பேன்.

மில்லுல வந்து வைக்கோலை விலக்கிக் கையை உள்ள விட்டா. சூடு பாத்தா. ஒரு பிடி எடுத்து மோந்து, வாயில போட்டுச் சவைச்சா. "உசுரோடத்தான் இருக்கு. நாளை கழிச்சு விதைச்சாகணும், தாண்டினா வேர் பின்னிரும். ஆனா எங்கன விதைக்க? கால்வாய் காஞ்சு கிடக்கு. தண்ணி வர இன்னும் எத்தனை நாளோ?"ன்னா.

மேஸ்திரி கம்பால மில்லுக்குப் பின்னால காட்டினார். முதலாளிக்குச் சொந்தமா ஒரு துண்டு நிலம் அங்கன தரிசாக் கிடந்துச்சு. "தொட்டிக்குத் தண்ணி ஏத்துத பம்பு இருக்கு, வத்தாத கிணறு இருக்கு. பாய்லருக்கு எரிக்க உமி மலையாக் குமிஞ்சிருக்கு. காலையில ஹல்லருக்குப் பெல்ட்டு மாட்டுததுக்கு முந்தி ஒரு மணி நேரம் பம்புக்கு மாட்டினா நாத்தங்காலுக்குத் தண்ணி ஆச்சு."

"முதலாளி தூத்துக்குடியில இருக்காரே மேஸ்திரி, கேக்காம எப்படி?"ன்னேன்.

"வந்தா நான் சொல்லிக்கிடுதேன். நீரு கேக்காமச் சக்கரத்தைத் திறக்கும்போது யாருகிட்ட கேட்டீரு?"

நான் கலப்பை தேடப் போனேன். மில்லு வண்டி மாடுகளைப் பூட்டி அன்னைக்கே உழுதோம். பம்பு தண்ணி விட்டுச் சேறாத் தொழி கலக்கி, வேப்பங்குழையும் எருக்கங்குழையும் போட்டு மிதிச்சோம். ஹல்லர்க்காரன், பாய்லர்க்காரன், சுமைக்காரன் எல்லாரும் முழங்கால் சேத்துல. பேச்சியக்கா கரையில நின்னு, "பனங்காட்டுக்காரா, காலை அழுத்தி மிதி லே, என்ன கோலமா போடுத?"ன்னு என்னை மட்டும் விரட்டிக்கிட்டே இருந்தா. மூணாம் நாள் முளை கட்டுன விதையை அவ கையாலயே விதைச்சா.

அவிஞ்ச மூட்டையைக் காட்டி, இதை என்ன செய்யன்னு பயந்து பயந்து கேட்டேன். "அவிச்சது அவிச்சாச்சு. அரைச்சு வை. நாத்துப் பறிக்க, நட வார ஆளுக்குக் கஞ்சி வேணும்லா"ன்னா. அந்த நெல்லை அரைச்ச மாதிரி நான் என் ஆயுசுல வேற எந்த நெல்லையும் அரைச்சதில்ல. கத்தியை நூல் நூலாத் திருப்பி வச்சு, ஒரு குருணை விழாம எடுத்தேன்.

ஒரு வாரம் கழிச்சு முதலாளி வந்தார். மில்லுக்குப் பின்னால பச்சையைப் பாத்துட்டு, "என்ன வே இது, மில்லு வச்சேனா, பண்ணை வச்சேனா?"ன்னார். மேஸ்திரி அவர் காதுகிட்ட போய் என்னமோ சொன்னார். என்ன சொன்னார்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. முதலாளி என்னை ஒரு பார்வை பாத்தார். "சரி, மாடு உள்ள போயிராம வேலி போடுங்கவே"ன்னுட்டுப் போயிட்டார்.

ஆனா நாத்து மட்டும் போதுமா? நட வயல்ல தண்ணி வேணுமே. தினமும் மேற்கே பாப்பேன். மலை தெளிவாத் தெரியும், ஒரு மேகம் கிடையாது. நாத்து இருபது நாள் ஆச்சு. இருபத்தஞ்சு ஆச்சு. பேச்சியக்கா ரெண்டு நாளைக்கு ஒருக்க வந்து பாத்துட்டு, "நாத்து முத்துதேடா, முத்துதே"ன்னு முணுமுணுத்துட்டுப் போவா. நான் கோயில்ல உருப்படியா ஜெபம் பண்ணுனது அந்த நாள்லதான்.

ஆனி பிறந்து நாலாம் நாள், சாப்பாட்டு மணி அடிச்ச நேரம், கால்வாய்ப் பக்கம் இருந்து கூச்சல் கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பாத்தோம். காஞ்ச கால்வாயில சருகையும் நுரையையும் தள்ளிக்கிட்டு, செக்கச் செவேல்னு தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு. பாபநாசத்துக்கு மேல சாரல் பிடிச்சு மடையைத் திறந்துட்டாங்க. காதர் மேஸ்திரி அன்னைக்குத்தான் கத்திப் பாத்தேன். "பறிங்கவே நாத்தை!"ன்னு ஒரே கத்து.

முடிச்சு முடிச்சா நாத்தைக் கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, நாலு வண்டியில ஏத்திக்கிட்டு அவ ஊருக்குப் போனோம். ஊருல மத்தவங்க அப்பதான் நாலா பக்கமும் அலைஞ்சு தேடுன விதையை ஊறப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பேச்சியக்கா வயல்ல தண்ணி பாய்ச்சி உழுது நடவே நடந்துச்சு. அந்த அவிஞ்ச நெல்லுக் கஞ்சியை நானும் ஒரு கலயம் குடிச்சேன். பண்ணையார் குடையைப் பிடிச்சுக்கிட்டு வரப்புல வந்து நின்னார். கொஞ்ச நேரம் பாத்தார். "முத நடவு உன் நடவுதானா?"ன்னு கேட்டுட்டு, குடையைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். நிலம் அவளுக்கே நின்னுச்சு. எனக்கு ஒரு மாசமா நெஞ்சுல ஏறி உக்காந்திருந்த பாரம் அந்த வரப்புலயே இறங்கிட்டு.

ஆனாலும் உள்ளுக்குள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இனிமே அவ நம்ம மில்லுப் பக்கம் எட்டிப் பாப்பாளா? நெல்லுன்னு சொல்லி ஒரு மணியை என்னை நம்பிக் குடுப்பாளா?

அடுத்த பங்குனியில ஒரு வண்டி வந்து நின்னுச்சு. பேச்சியக்காதான். நாலு மூட்டை. "விதை நெல்லு. வைகாசி வரைக்கும் வச்சிரு"ன்னா, ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஓடிப் போய்ச் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துட்டு வந்தேன்.

அவ அதைப் பிடுங்கிக்கிட்டா. "தள்ளு. நீ மறுபடியும் ஓலையை முடிஞ்சு தொலைச்சிருவ." மூணு விரலைச் சுண்ணாம்புல முக்கி, நாலு மூட்டையிலயும் கோணல் மாணலா, ஆனா பெருசா, சிலுவையை அவளே போட்டா. சுடலைமாடனைக் கும்பிடுதவ. கடைசி மூட்டைக்குப் போட்டு முடிச்சதும் அந்தக் குறியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அடுத்த நிமிசம் அலுப்பா இருக்குன்னு அந்த மூட்டை மேலயே ஏறிச் சம்மணம் போட்டு உக்காந்து, "என்னலே பாத்துக்கிட்டு நிக்க? ஒரு சொம்புத் தண்ணி கொண்டா"ன்னா.

நான் சிரிச்சுக்கிட்டே போய்ப் பம்புத் தண்ணி பிடிச்சிட்டு வந்து குடுத்தேன்.